பழைய விமான எஞ்சினின் மேக்னெட்டோவும் இக்னிஷன் ஹார்னஸும்: மதுரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எஞ்சினின் சுழற்சியிலிருந்தே தீப்பொறி எழுப்பும் கருவி மேக்னெட்டோ; அந்தப் பொறியைப் பிளக்குகளுக்குக் கொண்டுபோகும் கம்பித் தொகுதி இக்னிஷன் ஹார்னஸ். விமான எஞ்சினில் பொதுவாக இரண்டு மேக்னெட்டோ, சிலிண்டருக்கு இரண்டு பிளக். பழைய விமான எஞ்சின் ஒன்று திணறுகிறது, ஒரு மேக்னெட்டோவில் மட்டும் ஓட்டினால் உதறுகிறது என்றதும் பலரும் முதலில் செய்கிற காரியம், மேக்னெட்டோவைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பிரிப்பது. உண்மையில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. கோளாறு பிளக்கில் இருக்கலாம். பிளக்கில் மாட்டும் கம்பி முனையில் இருக்கலாம். ஹார்னஸில் ஓரிடத்தில் உறை தேய்ந்திருக்கலாம். சுவிட்சுக்குப் போகும் ஒற்றைக் கம்பி அறுந்திருக்கலாம். இவற்றையெல்லாம் பார்த்து முடிக்காமல் மேக்னெட்டோவைத் திறந்தால், நன்றாக இருந்த ஒன்றையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் செல்கிறது.

மதுரையில் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. தென் மாவட்டங்களில் விமானப் பொறியியல் கற்பிக்கும் கல்லூரிகளின் கூடங்களில் பழைய பிஸ்டன் எஞ்சின்கள் நிற்கின்றன. மாணவர்கள் கை பழகுவதற்காக வந்தவை அவை. சரியாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் பல தலைமுறை மாணவர்களுக்குப் பயன்படும். ஆனால் எஞ்சின் தயாரித்தவர்களின் கையேடுகள் குளிர் நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அக்னி நட்சத்திர வெயில், ஆடிக்காற்றில் வரும் செம்மண் தூசி, ஐப்பசி கார்த்திகை ஈரம் ஆகிய மூன்றையும் நாம்தான் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறக்கும் தகுதிச் சான்று உள்ள விமானத்தில் மாட்டப்போகும் மேக்னெட்டோ என்றால், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் மேற்பார்வையும் கையெழுத்தும் இல்லாமல் எதையும் செய்யக் கூடாது. இங்கே சொல்பவை வேலையைப் புரிந்துகொள்ளவும், பயிற்சிக் கூடத்திலும் காட்சிக் கூடத்திலும் இருக்கும் எஞ்சின்களைக் காப்பாற்றவும் உதவும். எண்களில் இந்த வழிகாட்டிக்கும் உங்கள் எஞ்சினின் கையேட்டுக்கும் வேறுபாடு இருந்தால் கையேடே சரி.

எந்த எஞ்சின், எந்த மேக்னெட்டோ

நம் நாட்டில் பழைய பயிற்சி விமானம் என்றால் மூன்று பெயர்கள் உடனே வரும். டைகர் மாத் விமானத்தில் ஜிப்ஸி மேஜர் எஞ்சின், தலைகீழாக நிற்கும் நான்கு சிலிண்டர்களுடன். 1951-இல் முதலில் பறந்த எச்.ஏ.எல். எச்.டி.-2 விமானத்தில் சிர்ரஸ் மேஜர். 1958-இல் பறந்த புஷ்பக் விமானத்தில் 90 குதிரைத்திறன் கொண்ட கான்டினென்டல் சி-90. இவற்றோடு டகோட்டாவின் 14 சிலிண்டர் பிராட் அண்ட் விட்னி ஆர்-1830 போன்ற ரேடியல் (சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும்) எஞ்சின்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மேக்னெட்டோக்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் காயில் (கம்பிச்சுருள்) சுழலும், காந்தம் நிலையாக நிற்கும். பழைய மேக்னெட்டோக்களில் இது அதிகம். மற்றொன்றில் காந்தம் சுழலும், காயில் அசையாது. 1902-இல் பாஷ் நிறுவனத்தில் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கியதிலிருந்து இந்தக் கருவியின் அடிப்படை மாறவே இல்லை. 1927-இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்தபோது அவருடைய எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுத்தவை சின்டில்லா மேக்னெட்டோக்கள். புஷ்பக் காலத்து பெண்டிக்ஸ் மேக்னெட்டோக்கள் அந்தச் சின்டில்லா வழியில் வந்தவைதான்.

வேலை செய்யும் விதம் இது. காந்தம் சுழலும்போது தேனிரும்புச் சட்டத்தின் வழியாக ஓடும் காந்தப்புலம் திசை மாறுகிறது. அந்த மாற்றம் காயிலின் முதல் சுருளான பிரைமரி சுற்றில் மின்னோட்டத்தை எழுப்புகிறது. மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் நொடியில் பாயிண்ட் (பிரைமரியைத் துண்டிக்கும் தொடுமுனை ஜோடி) திறந்தால் புலம் சட்டென்று சரிந்து, இரண்டாம் சுருளான செகண்டரி சுற்றில் 20,000 வோல்ட் அளவுக்கு அழுத்தம் எழுகிறது. காந்தம் நடுநிலையைத் தாண்டிச் சில டிகிரி சென்ற பிறகே அந்த உச்சம் வரும். இந்தக் கோணத்தை ஈ-கேப் என்கிறார்கள். மேக்னெட்டோவின் வகையைப் பொறுத்து 5 முதல் 17 டிகிரிக்குள் இருக்கும். இதை மறக்க வேண்டாம். டைமிங் படியில் திரும்ப வரும்.

கை வைக்கும் முன்

பேட்டரி எஞ்சினில் சாவியை அணைத்தால் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. மேக்னெட்டோவில் நேர்மாறு. சுவிட்சை அணைக்கும்போது பிரைமரி சுற்று பி-லீட் என்ற கம்பி வழியாக எஞ்சின் உடலோடு இணைக்கப்பட்டு, அதனால் தீப்பொறி அடங்குகிறது. அந்தக் கம்பி அறுந்திருந்தால், கழன்றிருந்தால், சுவிட்சுக்குள் அழுக்கு இருந்தால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும். சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிச்சமிருந்து, யாராவது புரொப்பெல்லரைக் கையால் நகர்த்தினால் போதும். இம்பல்ஸ் கப்ளிங் (மேக்னெட்டோ தண்டைப் பிடித்து வைத்துச் சட்டென்று விடும் சுருள்வில் இணைப்பு) உள்ள மேக்னெட்டோ மெல்லச் சுற்றினாலும் முழுப் பொறி கொடுக்கும். அதற்காகவே செய்யப்பட்டது அது.

ஆகவே, எஞ்சின் எப்போதும் உயிரோடு இருப்பதாகவே நடந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அழுத்தம் இல்லாவிட்டால் எஞ்சின் பற்றாது. எல்லாப் பிளக் கம்பிகளையும் பிரித்து வையுங்கள். எரிபொருள் வால்வை மூடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஓடி நின்ற சூட்டில் புரொப்பெல்லரைத் தொடவே கூடாது. மாணவர்கள் கூடி நிற்கும் இடத்தில் ஒருவர் மட்டும் புரொப்பெல்லர் பொறுப்பு என்று வைத்துக்கொண்டு, அவர் சொல்லாமல் வேறு எவரும் அதன் சுழல் வட்டத்துக்குள் வரக் கூடாது என்று விதி போடுங்கள். இந்த விதியில் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

முதல் படி: ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வது

ஓட்டக்கூடிய எஞ்சின் என்றால், கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு முறை ஓட்டுங்கள். சூடேறியதும் கையேடு சொல்லும் சுற்றில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற வேகத்தில்) வைத்து, இரண்டு மேக்னெட்டோவிலிருந்து ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். சுற்று கொஞ்சம் குறையும். ஒரே பிளக்கிலிருந்து தீ பரவ நேரம் ஆவதால் வரும் குறைவு அது. பல எஞ்சின்களில் 100 முதல் 150 வரை குறையலாம், இரு மேக்னெட்டோக்களுக்கும் இடையே வேறுபாடு 50-க்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு.

எண்ணைவிட, குறையும் விதம் அதிகம் சொல்லும். சட்டென்று விழுந்து எஞ்சின் உதறினால் ஏதோ ஒரு சிலிண்டருக்குப் பொறி போகவில்லை. பிளக்கையும் கம்பியையும் பாருங்கள். உதறல் இல்லாமல் வழுவழுப்பாக, ஆனால் அளவுக்கு மேல் குறைந்தால் டைமிங் பின்தங்கியிருக்கலாம். சுற்று குறையவே இல்லை என்றால் மகிழ வேண்டாம். அந்தப் பக்க பி-லீட் வேலை செய்யவில்லை என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஆறிய எஞ்சினைக் கோளாறுள்ள மேக்னெட்டோவில் மட்டும் சற்று நேரம் ஓட்டி, அதே நிலையில் நிறுத்துங்கள். புகைபோக்கிக் குழாய் ஒவ்வொன்றின் வேரிலும் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டுங்கள். எரியாத சிலிண்டர் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருக்கும். சிலிண்டர் எண், மேக்னெட்டோ, மேல் பிளக்கா கீழ்ப் பிளக்கா என்று எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் படி: பிளக்கும் கம்பி முனையும்

பிளக்குகளைக் கழற்றும்போதே எந்தச் சிலிண்டரின் மேல், எந்தச் சிலிண்டரின் கீழ் என்று துளையிட்ட மரப்பலகையில் வரிசையாகக் குத்தி வையுங்கள். எண்ணெய் ஏறியதா, ஈயம் படிந்து உருண்டையாகியிருக்கிறதா, வெள்ளையாக வெந்திருக்கிறதா என்று பாருங்கள். தலைகீழ் எஞ்சின்களிலும், ரேடியல்களின் கீழ்ச் சிலிண்டர்களிலும் எண்ணெய் வடிவது இயல்பு. அதை மேக்னெட்டோவின் தலையில் கட்டக் கூடாது. ரெசிஸ்டர் வைத்த பிளக் என்றால் மல்டிமீட்டரில் அளந்து, 5,000 ஓமுக்கு மேல் காட்டினால் ஒதுக்கிவிடுங்கள். தரையில் விழுந்த பிளக்கை, பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், மாட்ட வேண்டாம். உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.

இப்போது கம்பி முனை. கவசம் போட்ட ஹார்னஸில் கம்பி முனை, நீண்ட வெள்ளைக் குழல் ஒன்றில் முடிந்து, நுனியில் சிறு சுருள்வில்லோடு பிளக்கின் கிணறு போன்ற வாய்க்குள் இறங்கும். மெக்கானிக்குகள் இதைச் சிகரெட் என்பார்கள். நம் ஊரில் பல கோளாறுகள் பிறப்பது இங்கேதான். சித்திரை மாதத்தில் வியர்வைக் கையோடு அந்தக் குழலைப் பிடித்து உள்ளே விட்டால், விரல் ரேகை படிந்த இடத்தில் உப்பும் ஈரமும் தங்கும். 20,000 வோல்ட்டுக்கு அதுவே பாதை. பொறி பிளக் நுனிக்குப் போகாமல் குழலின் மேற்பரப்பிலேயே ஊர்ந்து உடலுக்குப் போய்விடும். சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு, குழலின் நீளவாக்கில் மயிரிழை போன்ற கருங்கோடு ஒன்று தெரியும். அது அழுக்கு அல்ல. பொருளே கருகிக் கரியான தடம். துடைத்தால் போகாது. குழலை மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே குழலையும் பிளக்கின் உள்வாயையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் உதிராத துணியால் துடைத்து உலரவிடுங்கள். அதன் பிறகு விரல் படவே கூடாது. பட்டறைகளில் கிடைக்கும் பஞ்சு வேஸ்ட்டை இங்கே பயன்படுத்த வேண்டாம். உதிரும் இழை ஒன்று உள்ளே தங்கினாலும் ஈரத்தை இழுக்கும். பலமுறை துவைத்து நைந்த வெள்ளை வேட்டித் துணிதான் நான் விரும்புவது.

நட்டை இறுக்கும்போது குழலையும் கம்பியையும் ஒரு கையால் திரும்பாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கம்பி முறுகி உள்ளே அறும். எட்டில் ஐந்து அங்குல நட்டுக்கு 90 முதல் 95 அங்குல-பவுண்டு, நான்கில் மூன்று அங்குல நட்டுக்கு 110 முதல் 120 அங்குல-பவுண்டு என்பது பிளக் தயாரிப்பாளர்கள் தரும் வழக்கமான அளவு. பிளக்குக்கு எப்போதும் புதிய செம்பு வாஷர்.

மூன்றாம் படி: ஹார்னஸ்

ஹார்னஸை முதலில் கண்ணால் படியுங்கள். மேக்னெட்டோவிலிருந்து ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து பிளக் வரை போங்கள். புகைபோக்கிக்கு அருகில் வெந்திருக்கிறதா, கிளிப்புக்குள் உராய்ந்து பின்னல் கவசம் நூல் நூலாகப் பிரிந்திருக்கிறதா, கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் மேல் பருத்தி நூல் பின்னி அரக்கு பூசிய பழைய கம்பிகளை மெல்ல வளைத்தால் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் தெரியும். பொறி தாவும் இடமெல்லாம் ஓசோன் உண்டாகும். அது ரப்பரை அரித்துவிடும். அப்படி வெடித்த கம்பிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுவது பயனற்ற வேலை. கவசப் பின்னலுக்கும் அது பொருந்தும். கவசம் அறுந்தால் ரேடியோவில் எஞ்சின் வேகத்துக்கு ஏற்றபடி டக் டக் என்று இரைச்சல் வரும். சில நேரம் கோளாற்றை முதலில் சொல்வது அந்த இரைச்சல்தான்.

அடுத்து அளவை. மல்டிமீட்டர் கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டும் சொல்லும். பம்புசெட் மோட்டார் பார்க்கும் வைண்டிங் கடைகளில் 500 வோல்ட் மெக்கர் (கம்பி உறையின் காப்புத் திறனை அளக்கும் மீட்டர்) இருக்கும். வெளிப்படையான கசிவை அது காட்டிவிடும். ஆனால் 500 வோல்ட்டில் நன்றாக இருக்கும் உறை, 15,000 வோல்ட்டில் உடைந்துபோகலாம். மெக்கரில் தேறிய கம்பியை நல்ல கம்பி என்று முடிவு கட்ட வேண்டாம். விமான ஹார்னஸுக்கென்றே உள்ள உயர் அழுத்தச் சோதனைக் கருவி 10,000 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துச் சோதிக்கும். அதை வைத்திருக்கும் பராமரிப்பு நிலையத்துக்கு ஹார்னஸை அனுப்புவதே சரி. அதே ஹார்னஸை மழை நாளில் ஒரு முறை, வெயில் நாளில் ஒரு முறை மெக்கரில் அளந்து எழுதி வைத்தால், ஈரம் எந்தக் கம்பிக்குள் நுழைகிறது என்பதும் புலப்படும்.

கம்பி மாற்றும்போது வரும் பெரிய குழப்பம் எண்கள். பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக்கில் 1, 2, 3, 4 என்று பொறித்திருப்பது சிலிண்டர் எண் அல்ல. பொறி வரும் வரிசை. கான்டினென்டல் சி-90 எஞ்சினின் எரி வரிசை 1-3-2-4. ஆகவே பிளாக்கில் 2 என்று இருக்கும் துளையிலிருந்து வரும் கம்பி மூன்றாம் சிலிண்டருக்குப் போக வேண்டும், 3 என்று இருப்பது இரண்டாம் சிலிண்டருக்கு. ஜிப்ஸி மேஜரில் வரிசை 1-3-4-2. அங்கே பிளாக்கின் 2 மூன்றுக்கும், 3 நான்குக்கும், 4 இரண்டுக்கும். ஆர்-1830 என்றால் 1-10-5-14-9-4-13-8-3-12-7-2-11-6. இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ள முயலாமல், பெரிய எழுத்தில் எழுதி எஞ்சின் ஸ்டாண்டில் ஒட்டிவிடுங்கள். பழைய கம்பியைக் கழற்றும் முன் இரு முனையிலும் எண் எழுதிய துண்டைக் கட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கம்பி மட்டும் மாற்றுங்கள்.

ரேடியல் எஞ்சின்களில் கம்பிகள் வளையம் போன்ற உலோகக் குழாய்க்குள் ஓடும். பழைய கம்பியின் வாலில் புதியதைக் கட்டி, டால்க் பொடி தூவி இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் உறை உரியும். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் இழுக்க, ஒருவர் ஊட்ட.

நான்காம் படி: பி-லீட்டும் சுவிட்சும்

மேக்னெட்டோ முனையில் பி-லீட்டைக் கழற்றி, அதன் நடுக்கம்பிக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். சுவிட்ச் அணைந்திருக்கும்போது ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அந்த மேக்னெட்டோவைப் போட்டதும் இணைப்பு முழுவதும் அறுபட வேண்டும். அளக்கும்போது கம்பியை அசைத்துக்கொண்டே இருங்கள். அசைத்தால் மாறும் எண் அறுந்துகொண்டிருக்கும் கம்பியின் அடையாளம். பி-லீட் கழன்ற மேக்னெட்டோ உயிரோடு இருக்கிறது என்பதை மறுபடியும் நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் படி: பாயிண்ட்

இது வரை கோளாறு அகப்படவில்லை என்றால் மேக்னெட்டோவின் பின்மூடியைத் திறக்கலாம். எஞ்சினிலிருந்து இறக்க வேண்டியதில்லை. ஆடிக்காற்று வீசும் நாளில் திறந்தவெளியில் மட்டும் செய்யாதீர்கள்.

மூடிக்குள் ஈரத் துளி, பச்சைப் பூஞ்சு போன்ற பித்தளைக் களிம்பு, கறுப்பு எண்ணெய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பொறி தாவும் காற்றில் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகும். மேக்னெட்டோ உடலில் இருக்கும் காற்றுத் துளைகள் அதற்காகவே வைக்கப்பட்டவை. தூசி போகிறதே என்று அவற்றைப் பிசின் வைத்து அடைத்திருப்பதைச் சில எஞ்சின்களில் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்த பித்தளை எல்லாம் பச்சையாகியிருந்தது. துளைகளைத் திறந்து சுத்தமாக வையுங்கள்.

பிறகு பாயிண்ட் முகங்கள். கண்ணாடி போல் பளபளப்பது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாக வேலை செய்யும் பாயிண்ட், பனி படர்ந்த கண்ணாடி போல மங்கிய சாம்பல் நிறத்தில், இரு முகங்களிலும் ஒரே சீராக இருக்கும். நீலம் பாய்ந்திருந்தால் கண்டென்சரை (பாயிண்ட் முகங்களுக்கு இடையே பொறி தாவாமல் காக்கும் மின்தேக்கியை) சந்தேகியுங்கள். ஒரு முகத்தில் மேடும் எதிர் முகத்தில் பள்ளமும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருந்தால் பாயிண்ட் ஜோடியை மாற்ற வேண்டும். இருசக்கர வாகனப் பட்டறைகளில் உப்புத்தாளை நுழைத்து இரண்டு இழுப்பு இழுப்பது வழக்கம். விமான மேக்னெட்டோவில் அதைச் செய்யாதீர்கள். மேல்தோல் போன பிறகு தேய்மானம் வேகமாகும்; தாளின் மணல் துகள் ஒன்று முகத்தில் புதைந்தால் புதிய கோளாறு பிறக்கும்.

பாயிண்ட்டைத் திறக்கும் சுழல் மேடான கேம் மேல் உரசும் துண்டில் ஒட்டியிருக்கும் கம்பளித் திரியை விரலால் அழுத்துங்கள். விரலில் எண்ணெய்ப் பசை தெரிந்தால் போதும். உலர்ந்திருந்தால் கையேடு சொல்லும் எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, மிஞ்சியதை ஒற்றி எடுங்கள். மதுரைச் சூட்டில் எண்ணெய் சீக்கிரம் இளகும். நான்கு சொட்டு விட்டால் இரண்டு பாயிண்ட் முகத்தில் போய் எரியும்.

இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் முகங்கள் தேய்ந்தால் இடைவெளி கூடி, பொறி முன்னதாக வரும். உரசும் துண்டு தேய்ந்தால் இடைவெளி குறைந்து, பொறி தாமதமாகும். போன முறை எழுதிய எண் கையில் இருந்தால், எது தேய்கிறது என்று திறந்தவுடனே தெரிந்துவிடும்.

ஆறாம் படி: மேக்னெட்டோவை இறக்கிப் பிரிப்பது

இங்கே வரும்போது காரணம் கையில் இருக்க வேண்டும். தவணை வந்துவிட்டது என்பதும் காரணம்தான். பெண்டிக்ஸ் வகைக்கு 500 மணி நேரத்துக்கு ஒரு முறை உட்பரிசோதனையும், ஓட்ட மணி எவ்வளவு குறைவாக இருந்தாலும் பயன்பாட்டுக்கு வந்து நான்கு ஆண்டு, அல்லது தயாரித்தோ முந்தைய ஓவர்ஹால் (முழுவதும் பிரித்துச் சீரமைப்பது) செய்தோ ஐந்து ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது ஓவர்ஹாலும் தயாரிப்பாளர் கேட்பவை. ஓடாமல் நிற்கிற மேக்னெட்டோ புதிதாகவே இருக்கும் என்பது தவறான நம்பிக்கை. நிற்கும்போதுதான் ஈரம் உள்ளே குடியேறுகிறது.

காயில் சுழலும் பழைய வகை என்றால் ஓர் எச்சரிக்கை. உயர் அழுத்தக் கரிப் பிரஷ் பிடிப்பான், பாதுகாப்புப் பொறி இடைவெளித் திருகு, எர்த் பிரஷ் மூன்றையும் எடுத்த பிறகே ஆர்மேச்சரை (காயில் சுற்றிய சுழலும் தண்டை) உருவ வேண்டும். ஒன்றை மறந்தாலும் உள்ளே இருக்கும் ஸ்லிப் ரிங் (பொறியைக் கரிப் பிரஷுக்குக் கொடுக்கும் வளையம்) விளிம்பு உடைந்துவிடும். பழைய ஸ்லிப் ரிங்குக்கு மாற்று தேடி அலைவது எளிதான காரியம் அல்ல.

காந்தத்தை அதன் இரும்புக் கூட்டிலிருந்து எடுத்தால் உடனே தேனிரும்புத் துண்டு ஒன்றால் இரு துருவங்களையும் இணைத்து வையுங்கள். அப்படியே போட்டு வைத்தால் பழைய காந்தம் வலிமை இழக்கும். அந்தத் துண்டைக் கப்பலூர் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் அளவு கொடுத்துக் கடைந்துகொள்ளலாம். இரும்புத் தூள் இல்லாத மேசைமேல் காகிதம் விரித்து வேலை செய்யுங்கள். காந்தம் பொறுக்கிய தூள் பேரிங்குக்குள் போகும்.

காயிலில் பிரைமரியின் மின்தடை ஓர் ஓம் அளவில்தான் இருக்கும். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் முதலில் தம்மோடு தொட்டு, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மீட்டர் கம்பியின் தடையைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். செகண்டரி ஆயிரக்கணக்கான ஓம் காட்டும். சரியான எல்லை கையேட்டில். அறைச் சூட்டில் நன்றாக இருக்கும் காயில் சூடேறியதும் விட்டுவிடுவது உண்டு. குளிர்ந்தால் பற்றிக்கொண்டு, அரை மணி ஓடியதும் உதறும் எஞ்சினில் காயிலையோ கண்டென்சரையோ முதலில் நினைக்க வேண்டும்.

பழைய ஆங்கிலேயக் காயில்களில் அரக்கு ஊட்டியிருப்பார்கள். எஞ்சின் சூட்டில் அந்த அரக்கு இளகி, பிசுபிசுத்து வெளியே வழிந்து, சுழலும் ஆர்மேச்சரை உடலோடு ஒட்டிவிடும். தகரக் கூரைக் கொட்டகையில் எஞ்சினை வைத்திருப்பவர்கள் பங்குனி முதல் ஆவணி வரை இதில் கவனமாக இருக்க வேண்டும். அடைத்த தகரக் கொட்டகையைவிட ஓட்டுக் கூரையும் காற்றோட்டமும் உள்ள அறை எவ்வளவோ மேல்.

காயிலை உள்ளூரிலேயே திரும்பச் சுற்றலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மதுரை வைண்டிங் கடைக்காரர்களின் கைத்திறன் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. எரிந்துபோன கிணற்று மோட்டாரை ஒரே நாளில் எழுப்பித் தருபவர்கள் அவர்கள். ஆனால் மேக்னெட்டோ செகண்டரி, தலைமயிரை விட மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள். ஒவ்வோர் அடுக்குக்கும் காப்பு, காற்றுக்குமிழி இல்லாமல் வெற்றிடத்தில் பிசின் ஊட்டுதல் எல்லாம் வேண்டும். காட்சிக்கு நிற்கும் எஞ்சினுக்குச் சுற்றிப் பார்க்கலாம். பறக்கும் எஞ்சினுக்கு, அங்கீகரிக்கப்பட்ட காயில் தவிர வேறு பேச்சுக்கே இடமில்லை.

கண்டென்சர் பெரும்பாலும் 0.3 முதல் 0.4 மைக்ரோஃபாரட் வரை இருக்கும். மைக்ரோஃபாரட் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அழுத்தம் கொடுத்துக் கசிவும் பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக்கை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, மின்முனைகளுக்கு இடையே மயிரிழை விரிசலோ கருங்கோடோ ஓடுகிறதா என்று பாருங்கள். பேரிங்கைக் கையில் சுழற்றினால் கரகரப்பு இருக்கக் கூடாது. இம்பல்ஸ் கப்ளிங்கில் எடைத் துண்டுகளின் ரிவெட் ஆடுகிறதா, நுனி தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதில் சலுகையே கூடாது. அதிலிருந்து உடையும் துண்டு நேராக எஞ்சின் கியருக்குள் விழும்.

ஏழாம் படி: டைமிங்

டைமிங் இரண்டு. முதலாவது மேக்னெட்டோவுக்குள்: காந்தம் ஈ-கேப் நிலையில் இருக்கும் அதே நொடியில் பாயிண்ட் திறக்க வேண்டும், டிஸ்ட்ரிபியூட்டர் விரல் சரியான மின்முனையைப் பார்த்திருக்க வேண்டும். இது தவறினால், வெளியே எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் பொறி மெலிந்தே வரும். உள் டைமிங்கை மேசைமேலேயே முடித்துவிடுங்கள்.

இரண்டாவது, எஞ்சினோடு. முதல் சிலிண்டரின் மேல் பிளக்கை எடுத்து, துளையில் கட்டைவிரலை வைத்து, புரொப்பெல்லரை ஓடும் திசையில் மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளும் அடிதான் அழுத்த அடி. இதைத் தவறவிட்டு வெளியேற்றும் அடியில் வைத்தால், எல்லாக் குறிகளும் பொருந்தியிருக்கும், எஞ்சின் மட்டும் பற்றாது. பிஸ்டன் மேல்நிலையை அடைவதற்கு எத்தனை டிகிரி முன் பொறி வர வேண்டும் என்பது எஞ்சின் தகவல் தகட்டில் இருக்கும். இடது மேக்னெட்டோவுக்கும் வலது மேக்னெட்டோவுக்கும் வெவ்வேறு எண்கள் இருக்கலாம். இரண்டையும் படியுங்கள்.

குறிக்கு வரும்போது எப்போதும் ஓடும் திசையிலேயே வந்து நிற்க வேண்டும். தாண்டிவிட்டால் சில டிகிரி பின்னால் போய், திரும்பவும் முன்னோக்கி வாருங்கள். கியர் பற்களின் இடைவெளி அப்போதுதான் ஒரே பக்கம் ஒதுங்கும். இம்பல்ஸ் கப்ளிங் இருந்தால் டக்கென்று அது விடுபடும் ஓசை கேட்ட பிறகு தேவையான அளவுக்கு மட்டும் பின்னால் வாருங்கள். அதிகம் பின்வாங்கினால் அது திரும்பவும் பற்றிக்கொள்ளும்.

இப்போது மேக்னெட்டோவின் பார்வைத் துளையில், வர்ணம் பூசிய சாய்வுப் பல் நடுவில் தெரியும்படி அதன் தண்டைத் திருப்பி, எஞ்சினில் பொருத்துங்கள். நட்டுகளை அசையும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பி-லீட் இணைக்கும் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே டைமிங் விளக்கை இணையுங்கள். மேக்னெட்டோவின் உடலைச் சுழற்சித் திசையில் திருப்பினால் பொறி தாமதமாகும், எதிர்த்திசையில் திருப்பினால் முந்தும். விளக்கு மாறும் அந்த இடத்தில் நட்டை இறுக்கி, புரொப்பெல்லரைப் பின்னால் கொண்டுபோய்த் திரும்ப முன்னோக்கி வந்து சோதியுங்கள். இறுக்கும்போது உடல் இம்மியளவு நகர்வது சாதாரணம். ஒரு முறை சரியாக வந்ததை நம்பாமல் இன்னொரு முறையும் பாருங்கள். இரண்டு மேக்னெட்டோக்களும் முடிந்ததும் விளக்கைக் கழற்றி, பி-லீட்டுகளை மாட்டி, நான்காம் படியின் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

ஓட்டிச் சரிபார்த்தலும் நிறுத்தி வைத்தலும்

பிளக்குகளும் கம்பிகளும் மாட்டிய பிறகு எஞ்சினை ஓட்டி, முதல் படியில் எடுத்த அதே சுற்றில் அதே அளவுகளை எடுங்கள். நிறுத்துவதற்கு முன், மிகக் குறைந்த வேகத்தில் சுவிட்சை ஒரு கணம் அணைத்து உடனே போடுங்கள். எஞ்சின் அடங்கத் தொடங்கினால் இரண்டு பி-லீட்டும் வேலை செய்கின்றன. வேகமாக ஓடும்போது இதைச் செய்தால் எரியாத கலவை புகைபோக்கியில் வெடிக்கும்.

பல மாதம் ஓடாது என்று தெரிந்தால் புரட்டாசி முடிவதற்குள் எஞ்சினைத் தயார் செய்யுங்கள். மேல் பிளக்குகளின் இடத்தில் சிலிக்கா ஜெல் அடைத்த உலர்த்திப் பிளக்குகளைத் திருகுங்கள். நீலம் இளஞ்சிவப்பானதும் மணிகளை வறுத்துத் திரும்ப நிரப்பலாம். கம்பி முனைகளுக்குச் சுத்தமான மூடி போடுங்கள். தொங்கவிட வேண்டாம், தரையிலும் கிடத்த வேண்டாம். பிளாஸ்டிக் தாளால் எஞ்சினை இறுக்கிச் சுற்றுவதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். இரவில் உள்ளே வியர்த்து, பகலில் வெந்து, மேக்னெட்டோவுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. காற்றுப் புகும் பருத்தித் துணி போர்த்தினால் போதும். திருப்பரங்குன்றம் தென்கால் கண்மாய் போன்ற நீர்நிலைகளின் கரையோரக் கூடங்களில், கண்மாய் நிறையும் மாதங்களில் உலர்த்தி மணிகளை வாரம் ஒரு முறை பாருங்கள்.

குறிப்பேட்டில் மேக்னெட்டோவின் வரிசை எண், பாயிண்ட் இடைவெளி, இரு பக்கச் சுற்றுக் குறைவு, ஒவ்வொரு கம்பியின் மெக்கர் அளவு, அன்றைய வானிலை ஆகியவற்றை எழுதி, செய்தவரும் சரிபார்த்தவரும் கையெழுத்திட வேண்டும். சுவிட்சில் சிவப்பு அட்டை தொங்கட்டும். அதில் பி-லீட் கடைசியாகச் சோதிக்கப்பட்ட தேதியையும் எழுதிவிடுங்கள்.